எலுமிச்சம்பழமும் ஆர்.சி. புத்தகமும்

1960களிலும் 70களிலும் மெட்ராஸில் புது ஃபியட்டுக்குப் பணம் கட்டியவர், சாவி கைக்கு வர வருடக்கணக்கில் காத்திருந்தார். ஓரிரு வருடம் ஓடிய அதே ஃபியட் பக்கத்துத் தெருவில் விலைக்கு வந்தால், கேட்கும் தொகை புது வண்டியின் விலையைத் தாண்டி நிற்கும். கொடுக்கவும் ஆள் இருந்தார்கள். பழைய கார் வாங்கும் வழக்கம் நம் ஊரில் வேரூன்றியது அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில்தான். அப்போது படிந்த சில பழக்கங்கள், கார்கள் குவிந்து கிடக்கும் இன்றைக்கும் வாங்குபவர்களை விடவில்லை.

தட்டுப்பாடு தானாக வந்ததல்ல. ஃபோர்டு 1926லேயே பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நகரங்களில் கடை விரித்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாய் சிவ்ரியில் உதிரிகளை இறக்கிப் பூட்டி விற்கத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு அரசு கேட்டது வேறு. பூட்டி விற்றால் போதாது, பாகங்களையும் இங்கேயே செய்ய வேண்டும் என்றது. 1953இல் இது கொள்கையாக உறுதிப்பட்டது. அடுத்த வருடமே இரண்டு அமெரிக்க நிறுவனங்களும் மூட்டை கட்டின. மீதமிருந்தவர்களில் கார் வாங்கும் குடும்பங்களுக்குப் பொருட்பட்டவை மூன்று. வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957 முதல் அம்பாசிடரைச் செய்தது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் ஃபியட்டைச் செய்தது. 70களில் அதே வண்டிதான் பத்மினி என்று பெயர் மாறியது. மூன்றாவது நம் வீட்டு வாசலிலேயே இருந்தது. வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டை உருட்டி வெளியே விட்டது.

எத்தனை கார் செய்யலாம் என்பது உரிமத்தில் எழுதியிருந்தது. என்ன விலை என்பதும் யாருக்கு என்பதும்கூட முழுக்கச் சந்தையின் கையில் இல்லை. 1959இல் வந்த கார் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் அரசின் பிடி இறுகியது. அரசு நிர்ணயித்த விலையில் கிடைத்த காரை மறுநாளே கூடுதல் விலைக்குத் தள்ளிவிடலாம் என்ற ஆசை, வரிசையில் நின்றவர்கள் பலருக்கு இருந்தது. வெளிநாட்டுத் தூதரகங்கள் ஓட்டி முடித்த பெரிய கார்களை அரசின் வர்த்தகக் கழகம் ஏலத்தில் விற்றது. அந்தக் காலத்துச் சினிமா நட்சத்திரங்களின் வாசலில் நின்ற நீண்ட அமெரிக்கக் கார்களில் சில இந்த வழியாக வந்தவை. அவையும் செகண்ட்ஹேண்ட்தான்.

இப்படிப்பட்ட காலத்தில் வண்டிக்குச் சாவே கிடையாது. இன்ஜின் புகைத்தால் ரீபோர் செய்து புது பிஸ்டன் போட்டார்கள். தரை ஓட்டையானால் தகரம் வெட்டி ஒட்டினார்கள். அம்பாசிடரின் வடிவம் அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிதாக மாறாததால், ஒரு வண்டியின் கதவு இருபது வருடம் கழித்து வந்த வண்டியிலும் ஏறக்குறையப் பொருந்தியது. எழும்பூருக்கும் கூவத்துக்கும் நடுவே இருக்கும் புதுப்பேட்டை இந்தத் தேவையில்தான் வளர்ந்தது. ஓட்டம் முடிந்த வண்டிகள் அங்கே பிரிக்கப்பட்டு கியர்பாக்ஸ், டைனமோ, ஹெட்லைட் வளையம் என்று தனித்தனியாக மறுபிறவி எடுத்தன. வாங்குபவருக்கு அது பெரிய தைரியம். எந்தப் பாகம் போனாலும் புதுப்பேட்டையில் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அவர் வண்டியின் வயதைப் பொருட்படுத்தவில்லை.

வயதைப் பார்க்காதவர் வேறு எதைப் பார்த்தார்? ஆளைப் பார்த்தார். யார் ஓட்டிய வண்டி என்பதே முதல் கேள்வி. டாக்டர் வைத்திருந்தது என்றால் மதிப்பு கூடும். வீட்டிலிருந்து மருத்துவமனை வரைதான் போயிருக்கும், நேரத்துக்கு ஆயில் மாற்றியிருப்பார் என்ற கணக்கு அது. டாக்ஸியாக ஓடியது என்றால் விலை இறங்கும். அப்புறம் மெக்கானிக் வருவார். வாங்குபவரின் குடும்பத்துக்கு வருடக்கணக்காக வேலை பார்த்தவர். அவர் சொல்லும் ஒரு வார்த்தையில் வியாபாரம் முடியும் அல்லது முறியும்.

அந்த மெக்கானிக்குகளின் சோதனை முறை பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல, ஆனால் அறிவியல் பிசகாதது. முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். சூடாக இருந்தால், ஆள் வருவதற்கு முன்பே யாரோ வண்டியைக் கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும் விதத்தில்தான் அதன் உண்மை தெரியும். பிறகு புகையைப் பார்ப்பார்கள். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பாக வந்தால் எரிபொருள் அதிகம் போகிறது. வெள்ளை விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கலாம். ஆயில் மூடியைத் திருகி அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் ஆயிலோடு தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அடுத்து விரல் முட்டியால் பாடியைச் சுற்றித் தட்டிக்கொண்டே போவார்கள். தகரம் கணீரென்று ஒலிக்கும், பட்டி பார்த்த இடம் மட்டும் மந்தமாக ஒலிக்கும். கிலோமீட்டர் மீட்டரை அவர்கள் அதிகம் நம்பியதில்லை. அந்தக் காலத்து மீட்டர்களில் பலவற்றுக்கு ஐந்து இலக்கம்தான். 99,999ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால் மீட்டரை விட்டுவிட்டு கிளட்ச் பெடலின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தார்கள்.

மெட்ராஸ் மெக்கானிக்குகள் ஃபியட்டின் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில், அமெரிக்காவில் ஓர் இளம் பொருளாதாரப் பேராசிரியர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதி முடித்தார். பெயர் ஜார்ஜ் அகர்லாஃப். அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் எளிமையானது. விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எது நல்ல வண்டி என்று தெரியாததால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். அவர் ஒதுங்கியதும் சந்தையில் மிஞ்சுபவற்றின் தரம் இன்னும் இறங்கும், விலையும் இறங்கும். கடைசியில் சந்தையே வற்றிப்போகலாம்.

1967இல் கட்டுரையை அனுப்பிவிட்டு அவர் ஒரு வருடம் டெல்லிக்கு வந்து தங்கினார். முதல் நிராகரிப்புக் கடிதம் அவரைத் தேடி வந்தது இங்கேதான். மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகு, 1970இல் நான்காவது இதழ் வெளியிட்டது. 2001இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அதற்கு அடித்தளமாகச் சொல்லப்பட்டது அந்தக் கட்டுரைதான். அதில் நம் சமையலறைக்கு மிக நெருக்கமான ஓர் உதாரணம் இருக்கிறது. இந்தியக் கடைகளில் அரிசியின் நிறத்திலும் வடிவத்திலும் கல்லை வேண்டுமென்றே கலக்கிறார்கள், வீட்டுப் பெண்கள் அதைப் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிய கையும் பாடியைத் தட்டிப் பார்த்த விரலும் செய்தது ஒரே வேலை.

அகர்லாஃப் குறையுள்ள காரைக் குறிக்கப் பயன்படுத்திய சொல் எலுமிச்சம்பழம். அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஏமாற்றிய வண்டியை அப்படித்தான் சொல்வார்கள். தமிழ்நாட்டிலோ கார் வாங்கியதும் முதல் வேலை, கோயில் வாசலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது. வண்டி புதியதா, மூன்றாவது ஓனருடையதா என்று அந்தப் பழம் பார்ப்பதில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் பழைய கார்களுக்கு வேறொரு சோதனை வந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டதும் வடக்குக்குப் போகும் பொருட்களுக்குத் தடை விழுந்தது. பெட்ரோல் அரிதானது. அங்கே ஓடிக்கொண்டிருந்த ஆஸ்டின், மொரிஸ் மைனர் போன்ற பிரிட்டிஷ் கார்களை மக்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கிளப்புவதற்கு மட்டும் கார்புரேட்டரில் சில துளி பெட்ரோல் விடுவார்கள். இன்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் குறைந்த அந்தப் பழைய இன்ஜின்கள் அதைத் தாங்கிக்கொண்டன. வேறெங்கும் காட்சிப் பொருளாகிவிட்ட வண்டிகள், நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. நல்ல பழைய கார் எது என்பதற்கு அந்த வருடங்களில் யாழ்ப்பாணம் சொன்ன பதிலை எந்த விலைப்பட்டியலும் சொல்லாது. தட்டுப்பாடு வந்தால் பழையது விலையேறும் என்பதை இலங்கை பின்னரும் பார்த்தது. 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பிப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பலர் வாங்கிய விலையைவிட அதிகத்துக்கு விற்றார்கள்.

இந்தியாவில் கதை திரும்பியது 1983 டிசம்பர் 14 அன்று. குர்காவ் தொழிற்சாலையின் முதல் மாருதிக்கான சாவியை இந்திரா காந்தி உரிமையாளரிடம் கொடுத்தார். விலை ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. முன்பணம் கட்டியவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். தொடக்க வருடங்களில் மாருதியும் பழைய விதிக்குத் தப்பவில்லை. ஒதுக்கீடு கிடைத்தவர்களில் சிலர் அதையே லாபத்துக்குக் கைமாற்றினார்கள். ஆனால் உற்பத்தி பெருகப் பெருக வரிசை கரைந்தது. 1990களில் உரிமத் தளை அறுந்தது. 1998இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு மறுபடி கடை போட்டது. கார் என்பது சேமிப்பு என்ற நிலை போய், ஷோரூமை விட்டு வெளியே வந்ததுமே விலை இறங்கும் பொருளாக அது மாறியது.

சாதாரணக் குடும்பத்துக்கு இது பெரிய வாய்ப்பு. வாங்கி நாலைந்து வருடமான சிறிய காரைப் புது விலையில் பாதிக்கு வாங்க முடிந்தது. பள்ளி ஆசிரியரும் மளிகைக்கடைக்காரரும் முதன்முதலாக நாலு சக்கரத்தில் ஊருக்குப் போனது பெரும்பாலும் இன்னொருவர் ஓட்டிய மாருதி 800இல்தான். ஆனால் அதே சமயம் அகர்லாஃப் சொன்ன சிக்கல் முழு வேகத்தோடு வந்து இறங்கியது. முன்பு மூன்று மாடல், எல்லா மெக்கானிக்குக்கும் எல்லாம் அத்துப்படி. இப்போது முப்பது மாடல். விற்பவர் யாரென்றே தெரியாது, நடுவில் புரோக்கர் நிற்பார். எலக்ட்ரானிக் மீட்டர் வந்தபின், திருகிப் பின்னால் ஓட்டிய கைவேலையை லேப்டாப் இன்னும் சுத்தமாகச் செய்தது.

கடனும் சேர்ந்துகொண்டது. தவணைக்கு வண்டி வாங்கும் முறை தெற்கில் பழையது. சுந்தரம் பைனான்ஸ் 1954இல் மெட்ராஸில் தொடங்கியது. 1979இல் வந்த ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ், பழைய லாரி வாங்கும் டிரைவருக்குக் கடன் கொடுப்பதையே தன் தொழிலாக்கிக்கொண்டது. வருமானச் சான்று காட்ட முடியாதவரின் பழைய வண்டியை நம்பிப் பணம் கொடுக்கலாம் என்பதை அது நிரூபித்தது. கடன் இருக்கும் வண்டியின் ஆர்.சி.யில் அது பதிவாகும். எச்.பி. என்ற அந்தக் கடன் பதிவு இருக்கிறதா, கேன்சல் ஆகிவிட்டதா என்ற கேள்வி அப்படித்தான் இன்ஜின் எப்படி என்ற கேள்விக்கு முன்னால் வந்து நின்றது. தவணை பாக்கியுள்ள வண்டியை விற்றுவிட்டு ஆள் மறைந்தால், கடன் கொடுத்தவர் வண்டியைத் தேடிப் புது ஓனரின் வாசலுக்குத்தான் வருவார்.

2001இல் மாருதியே ட்ரூ வேல்யூ என்ற பெயரில் பழைய கார் விற்கத் தொடங்கியது. 2015க்குப் பிறகு கைப்பேசியில் படம் பார்த்து வாங்கும் நிறுவனங்கள் வந்தன. சோதனைப் பட்டியல், வாரண்டி, திருப்பித் தரும் வாய்ப்பு ஆகியவற்றை அவை கொண்டுவந்தன. அதற்கான செலவும் விலையில் சேர்ந்திருக்கும். மெக்கானிக்கின் விரலை நம்பியவர் இப்போது நிறுவனத்தின் பெயரை நம்புகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதில் தவறில்லை. நிறுவனக் கடையில் வாங்கினாலும், சொந்தமாக ஒரு மெக்கானிக்கை அழைத்துப்போய் அவருக்குக் கொடுக்கும் கூலி, இந்த வியாபாரத்திலேயே நன்றாகச் செலவான பணம்.

காகிதம்தான் இன்னும் பலர் அசட்டையாக இருக்கும் இடம். 1988ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்ற மனுச் செய்ய வேண்டும். 29, 30 என்ற எண்ணுள்ள படிவங்கள் இதற்கானவை. ஆனால் 29இலும் 30இலும் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, தேதி போடாமல் வைத்து, வண்டியைக் கைமாற்றிக்கொண்டே போகும் வழக்கம் புரோக்கர்களிடம் ஊறிப்போயிருந்தது.

அதன் விலை என்ன என்பதை 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு காட்டியது. 2009இல் ஒரு கார் மோதிச் சிறுவன் ஒருவன் இறந்தான். அதற்கு முன்பே அந்தக் கார் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு என்று பல கை மாறியிருந்தது. ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. கடைசியாக வாங்கியவர்தான் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பு என்றது. பாதிக்கப்பட்ட குடும்பம் யார் யாரிடம் விற்றார் என்று சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அலையக் கூடாது என்பது அதன் நியாயம். மிகச் சரியான நியாயம். விற்றுப் பல வருடமான வண்டிக்காக ஒருவர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்ததும் அந்த ஒற்றைப் பதிவு மாறாததால்தான்.

இதன் பிறகு 2022 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரி முறைப்படி அங்கீகாரம் பெற வேண்டும். விற்பனைக்காக வண்டியை ஒப்படைத்ததை இணையத்தில் பதிந்தால், விற்கும்வரை அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். சோதனை ஓட்டம், பழுதுபார்ப்பு, பெயிண்டிங் போன்ற தேவைக்கு மட்டுமே அவர் அதை ரோட்டில் எடுக்கலாம். வண்டி போன இடத்துக்கெல்லாம் கணக்கும் வைக்க வேண்டும். புரோக்கர் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டு இரவெல்லாம் விழித்திருந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

வெளிமாநில வண்டி தனிக் கதை. டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கே ஆயுள் முடியப்போகும் வண்டிகள் மலிவு விலையில் தெற்கு நோக்கி வந்தன. டெல்லி வண்டி என்ற சொல்லே நம் சந்தையில் ஒரு தரத்தின் பெயராகிவிட்டது. விலையைப் பார்த்து மயங்குபவர்கள், தடையில்லாச் சான்று வந்திருக்கிறதா, தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய சாலை வரி எவ்வளவு என்று இரண்டையும் கூட்டிப் பார்த்தால் மலிவு பாதியாகக் கரைந்திருக்கும். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் புது எண் வாங்கியாக வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளம் சென்னைக்கு இன்னொரு பாடத்தைக் கற்றுக்கொடுத்தது. நாள்கணக்கில் நீரில் கிடந்த கார்களை இன்சூரன்ஸ் நிறுவனங்கள் ஏலத்தில் தள்ளின. உடைத்து விற்கவென்று போனவற்றில் சில, கழுவித் துடைத்து மறுபடி விற்பனைக்கு நின்றன. அப்படிப்பட்ட வண்டி பளபளவென்றுதான் இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் உள்ளே சுருண்டிருந்த நுனியில் சேற்றுக் கறை தெரியும். முன்சீட்டை நகர்த்தினால் தண்டவாளத்தில் துரு இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் தங்கியிருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்த டயரும் பொய் சொல்லாது. 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. 2018இல் பதிவான வண்டிக்கு 2016இல் செய்த டயர் எப்படி வந்தது என்று கேட்கலாம்.

பழைய காலத்தின் ஒரு கேள்வி மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. உதிரி கிடைக்குமா? பெருங்களத்தூரின் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை இறக்கி, மூன்றே வருடத்தில் கார் தொழிலிலிருந்தே வெளியேறியது. 1954இல் போன ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் திரும்பி வந்து, முறையே 2017இலும் 2021இலும் மறுபடி விடைபெற்றன. ஒரே நாட்டைவிட்டு இரண்டு முறை போன நிறுவனங்கள். உதிரியும் சர்வீஸும் தொடரும் என்று ஃபோர்டு சொன்னாலும், அந்த அறிவிப்புக்குப் பிறகு அதன் பழைய கார் வாங்க வருபவர் முதலில் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். அதனால்தான் கையில் கொஞ்சமே பணம் வைத்திருப்பவருக்கு, அழகான அரிய மாடலைவிட ஊரில் எல்லோரும் ஓட்டும் சாதாரண மாடலே பாதுகாப்பு. அந்த விஷயத்தில் அம்பாசிடர் வாங்கிய தாத்தாக்களின் கணக்குத் தப்பவில்லை.

அம்பாசிடரும் மாருதி 800ம் 2014ஆம் வருடத்தில், சில மாத இடைவெளியில், உற்பத்தியை நிறுத்தின. 800களில் கடைசியாக வந்தவற்றுக்கு 2029 வாக்கில் 15 வருடம் முடியும். அதற்குப் பிறகும் ஓட்ட நினைப்பவர் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. ஆர்.டி.ஓ. மைதானத்தில் இன்ஸ்பெக்டர் சேஸிஸ் எண்ணைத் தேடிக் குனியும்போது, வண்டியோடு வந்த மெக்கானிக் பானெட்டைத் தூக்கிப் பிடித்து, எண் இருக்கும் இடத்தை வேட்டித் துணியால் துடைத்துக் காட்டுகிறார்.